நியூட்டன் கொடிவழி: கல்யாணத்துக்கு முன்னால் வந்த ஞானஸ்நானம்

1642 ஏப்ரலில் கல்யாணம். 1642 அக்டோபர் 6 கணவர் அடக்கம். 1642 டிசம்பர் 25 பிள்ளை பிறப்பு. 1642 ஜனவரி 1 பிள்ளைக்கு ஞானஸ்நானம். பழைய ஏட்டில் உள்ள ஆண்டை அப்படியே கிராம்ப்ஸில் (கொடிவழி வரையும் மென்பொருள்) போட்டால் சரிபார்ப்புக் கருவி கூச்சல் போடுகிறது: பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே ஞானஸ்நானம், அதுவும் பெற்றோர் மணமாகும் முன்பே. நான்கு தேதியும் சரி. ஆண்டுதான் வேறு ஆண்டு.

பிள்ளை ஐசக் நியூட்டன். இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் கால்ஸ்டர்வொர்த் பங்குப் பதிவேடு (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்). புகழுக்காக எடுத்த குடும்பம் இல்லை. 1837-க்கு முன்னால், அரசுப் பதிவு கைகொடுக்காத காலத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு விடை தெரிந்த கணக்கு ஒன்று வேண்டும். போட்ட வழி சரியா என்று ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான்கு தலைமுறை ஏறியாயிற்று: ஐசக், அவர் பிறக்கும் முன்பே இறந்த அப்பா ஐசக், தாத்தா ராபர்ட், பூட்டன் ரிச்சர்ட். ஐந்தாவதில் நிற்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மார்ச் 25 விவகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. அதனால் 1642 டிசம்பருக்கு அடுத்து வந்ததும் ஏட்டில் 1642 ஜனவரிதான். 1752-தான் ஜனவரி 1-இல் தொடங்கிய முதல் ஆண்டு. தெரிந்தும் கை வழுக்குகிறது, ஏனென்றால் பிசகு நடப்பது பதிவேட்டில் இல்லை, அதைப் பார்த்துப் பிறர் தட்டச்சு செய்த தேடல் அட்டவணையில். தட்டச்சு செய்தவர் பக்கத்தின் மேலே இருக்கும் ஆண்டைப் பார்த்து எல்லா வரிக்கும் அதையே போடுவார். இன்னொருவர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வரிகளை மட்டும் ஓர் ஆண்டு கூட்டிப் போடுவார். இரண்டும் ஒரே தேடல் முடிவில் பக்கத்துப் பக்கத்தில் வரும். இதில் கொடுமை இரட்டைத் திருத்தம்: அட்டவணையில் ஏற்கெனவே 1643 என்று திருத்தியிருப்பதை 'பழைய கணக்கு' என்று நினைத்து இன்னொரு வருடம் கூட்டி 1644 ஆக்குவது. இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில் பாதிக் குழப்பம் இந்த வகைதான்.

அதனால் அட்டவணையை விரல் காட்டும் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படத்தைத் திறக்க வேண்டும். திறந்ததும் நமக்கு வேண்டிய வரிக்குப் போகக் கூடாது. அதற்கு முந்தைய டிசம்பருக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே வர வேண்டும். டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் புதிய ஆண்டுத் தலைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் பழைய கணக்கு. அப்படியே மார்ச் வரை இறங்கினால் மாதத்தின் கடைசி வாரத்தில் தலைப்பு மாறும், அதுதான் சாட்சி. மார்ச் 25-ஐ ஒட்டி எந்தப் பதிவும் விழாத சின்ன ஊரில் தலைப்பு ஏப்ரலில்தான் தலைகாட்டும். சில பாதிரியார்கள் தாமாகவே ஜனவரியில் ஆண்டை மாற்றிவிடுவதும் உண்டு. பாதிரியார் மாறினால் வழக்கமும் மாறும். ஆகவே ஒரு பக்கத்தில் கண்ட விடையை அடுத்த பத்து வருடத்துக்கு நீட்டக் கூடாது. கையெழுத்து மாறும் இடமெல்லாம் மறுபடி டிசம்பரிலிருந்து ஆரம்பம்.

மாதச் சுருக்கம் இன்னொரு பள்ளம். ஏழு என்ற எண்ணுடன் 'பெர்' என்று ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. எட்டு போட்டால் அக்டோபர். ரோமன் பத்து போட்டு 'பெர்' என்றால் டிசம்பர். ஏழு என்றால் ஏழாம் மாதம் என்று அட்டவணைக்காரர் போட்டுவிட்டால் ஞானஸ்நானம் இரண்டு மாதம் முன்னால் போய், முந்தைய குழந்தையோடு இடிக்கும். உடனே 'இரண்டு மனைவிகள்' என்று கதை கட்ட ஆள் இருக்கிறது.

கிராம்ப்ஸில் தேதிப் பெட்டியைத் திறந்து நாட்காட்டியை ஜூலியன் (1752 வரை இங்கிலாந்தில் இருந்த பழைய நாட்காட்டி) என்று வைத்து, புத்தாண்டு தொடங்கும் நாளாக மார்ச் 25-ஐத் தேர்ந்தால் ஏட்டில் உள்ள 1642-ஐயே எழுதலாம். அதைவிட இரட்டை ஆண்டு முறை மேல்: 1 ஜனவரி 1642/3 என்று சாய்கோடு போட்டு எழுதுவது. வரிசைப்படுத்தும்போது 1643-ஆக நிற்கும், பார்க்கிறவருக்கு ஏட்டில் என்ன இருந்தது என்றும் தெரியும். சாய்கோட்டைப் பார்த்த பிறகு யாரும் மறுபடி 'திருத்த' மாட்டார்கள். ஆண்டை மட்டும்தான் இப்படிச் செய்ய வேண்டும்; நாளைத் தொடக் கூடாது. நாளையும் இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் கிறிஸ்துமஸில் பிறந்த பிள்ளை 1643 ஜனவரி 4-க்குப் போய்விடும். வித்தியாசம் 1700 பிப்ரவரி வரை 10 நாள், அதன் பிறகு 11 நாள். அந்தக் கணக்கு குறிப்புப் பத்தியில் இருந்தால் போதும்.

சாய்கோடு போட்டதும் வரிசை தானாக விழுந்தது: ஏப்ரல் கல்யாணம், அக்டோபர் அடக்கம், டிசம்பர் பிறப்பு, 1642/3 ஜனவரி ஞானஸ்நானம். அம்மா ஹன்னாவின் மறுமணம், நார்த் விதம் பாதிரியார் பார்னபஸ் ஸ்மித்துடன், 1645/6 ஜனவரி 27. இதையும் வெறும் 1645 என்று படித்தால் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது, உண்மையில் மூன்று. நியூட்டன் இறந்த நாளும் இதே வலையில்தான்: 1726/7 மார்ச் 20. புத்தகங்களில் எல்லாம் 1727. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள நினைவுச் சின்னத்தில் ரோமன் எண்ணில் 1726. கல்லில் வெட்டியவர் தப்புச் செய்யவில்லை. புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

குடும்பத்தாரே சொன்னார் என்பதற்காக ஒரு தேதியை நம்பிவிடவும் கூடாது. 1705-இல் சர் பட்டம் வந்ததும் நியூட்டனே தம் கொடிவழியை எழுதி காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் (குலச்சின்னங்களையும் கொடிவழிகளையும் பதியும் அமைப்பு) கொடுத்தார். பெற்றோர் மணம் 1639 என்று அதில் இருக்கிறது. மூன்று வருடம் பிசகு. எங்கிருந்து வந்தது 1639? அந்த டிசம்பரில் தாத்தா ராபர்ட், குடும்பத்தின் ஊரான வுல்ஸ்தார்ப்பில் இருந்த சொத்தை மகன் ஐசக்குக்கும் ஹன்னாவுக்கும் சேர்த்து எழுதிவைத்தார். கல்யாணம் நடந்ததோ ராபர்ட் 1641-இல் இறந்த பிறகு. பத்திரத்தில் இரண்டு பெயரும் சேர்ந்திருப்பதைக் கண்டவர் மணமாகிவிட்டது என்றுதான் நினைப்பார். நிச்சயம் பண்ணிச் சொத்து எழுதுவது வேறு, தாலி ஏறுவது வேறு என்பது நம்மூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடிவழியில் அது இரண்டு தனி நிகழ்வு, இரண்டு தனிச் சான்று.

ஊர்ப் பெயரில் ஓர் எச்சரிக்கை. லிங்கன்ஷயரில், அதே கிரான்தம் வட்டாரத்தில், வுல்ஸ்தார்ப் இரண்டு. நமக்கு வேண்டியது கால்ஸ்டர்வொர்த் பங்கைச் சேர்ந்த குக்கிராமம். அதற்குத் தனிப் பதிவேடு கிடையாது. இன்னொன்று பீவர் கோட்டைக்குப் பக்கத்தில், சொந்தத் தேவாலயத்தோடு இருக்கிறது. தேடல் பெட்டியில் வுல்ஸ்தார்ப் என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது அதுதான். அங்கேயும் ஒரு நியூட்டன் கிடைத்துத் தொலைத்தால் அன்றைய பொழுது போச்சு. எப்போதும் பங்கின் பெயரால் தேடுங்கள்.

ஹன்னாவின் பிறந்த வீட்டுப் பெயர் அடுத்த தலைவலி. எழுத்துக்கூட்டினால் 'அய்ஸ்கோ' மாதிரி வரும், ஒலிப்பு 'ஆஸ்க்யூ'. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முதல் எழுத்து ஏ, நடுவில் எஸ், அதை ஒட்டி சி அல்லது கே; மற்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால்தான் எல்லா வடிவமும் வலையில் விழும்.

ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க ஞானஸ்நானப் பட்டியல் போதாது. அந்தப் பங்கில் நியூட்டன் என்று வரும் அத்தனை வரியையும், ஞானஸ்நானம், மணம், அடக்கம் மூன்றிலும், எடுத்து எழுதிக் குடும்பம் குடும்பமாகக் கூறு போட வேண்டும். சின்ன வயதில் அடக்கமானவர்களை முதலில் அடித்துவிட்டால் பாதி ராபர்ட்டும் ஜானும் காணாமல் போவார்கள். மீதியைத் தீர்ப்பது உயில். அப்பா ஐசக்கின் ஞானஸ்நானம் 1606 செப்டம்பர் 21. உயில் 1642 அக்டோபர் 1. அடக்கம் ஐந்து நாள் கழித்து. உயிலில் கையெழுத்து இல்லை, கைநாட்டுக்குச் சமமான ஒரு கீறல்தான். ஆனால் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியல் 459 பவுண்டுக்கு மேல். எழுதத் தெரியாதவர் ஏழை என்று முடிவு கட்டுவது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

சொத்துப் பட்டியல் படிக்கும்போது எண்களில் கவனம். ரோமன் எண்ணின் கடைசி 'ஐ' வால் நீண்டு 'ஜே' போல இருக்கும். ஓர் எண்ணின் தலைக்கு மேல் பொடியாக இரண்டு எக்ஸ் இருந்தால் அது இருபதின் மடங்கு: நாலுக்கு மேல் இருந்தால் 80, ஆறுக்கு மேல் இருந்தால் 120. ஆடுமாடு எண்ணும்போது 'நூறு' என்பதே சில இடங்களில் 120-ஐக் குறிக்கும். ஒவ்வொரு வரியின் மதிப்பையும் கூட்டி, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட் என்று அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டால் எங்கே தப்பாகப் படித்தோம் என்று பிடிபடும்.

உறவுப் பத்தியைத் தமிழில் வைப்பது பெரிய வசதி. நியூட்டன் உயில் எழுதாமல், பிள்ளையும் இல்லாமல் இறந்தார். பணமும் பொருளும் அம்மாவின் இரண்டாம் மணத்து வழியில் வந்த எட்டுப் பேருக்குப் போயின. நிலம் போகவில்லை, தாயோ தந்தையோ ஒருவர் மட்டுமே பொதுவான பாதி ரத்த உறவுக்கு நிலவுரிமை இல்லை என்பது அன்றைய சட்டம், 1833 வரை. வுல்ஸ்தார்ப் போனது அப்பாவோடு பிறந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு. ஆங்கிலத்தில் வெறும் 'அங்கிள்'. பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா என்று அது வாய் திறக்காது. 'கசின்' இன்னும் மோசம், அண்ணன் மகனைக்கூட அப்படி எழுதுவார்கள். 'சன் இன் லா' என்று உயிலில் இருந்தால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால் எந்த உறவு என்று முடிவு செய்தே ஆக வேண்டும். முடியவில்லையென்றால் அங்கே சான்று போதவில்லை என்று அர்த்தம்.

பேராயர் நகலை நம்பிப் போகிறவர்களுக்கு: பங்குப் பதிவேட்டைப் படியெடுத்துப் பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய அந்தத் தாள் பொதுவாக மார்ச் 25 முதல் அடுத்த மார்ச் 24 வரை. 1623/4 பிப்ரவரி வேண்டுமென்றால் 1623 தாளைக் கேட்க வேண்டும். 1640-களுக்கு நகல் பெரும்பாலும் கிடைக்காது. உள்நாட்டுப் போர், 1646-இல் பேராயர் பதவியையே ஒழித்துவிட்டார்கள்.

அடுத்த திட்டம் ஹன்னா வீட்டுப் பக்கம். அவர்கள் மார்க்கெட் ஓவர்டன்காரர்கள், ரட்லண்ட். மாவட்ட எல்லை தாண்டியதும் ஏடுகள் இருக்கும் காப்பகங்களும் மாறுகின்றன: கால்ஸ்டர்வொர்த் ஏடுகளுக்கு லிங்கன், ரட்லண்ட் பங்கு ஏடுகளுக்கு லெஸ்டர் அருகிலுள்ள விக்ஸ்டன், ரட்லண்ட் பழைய உயில்களுக்கு நார்தாம்டன், காரணம் ரட்லண்ட் 1541 முதல் பீட்டர்பரோ பேராயத்தில். பக்கத்துப் பக்கத்து ஊரில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று ஊர்க் காப்பகம். படம் கேட்டு எழுதும்போது பங்கு, ஏட்டின் ஆண்டு, சாய்கோட்டுடன் தேதி மூன்றையும் கொடுத்துவிடுங்கள். 'ஜனவரி 1643' என்று மட்டும் எழுதினால் தப்பான பக்கத்துக்கும் கட்டணம்தான்.

அதற்கு முன்னால் முடிக்க வேண்டியது ஐந்தாம் படி. ரிச்சர்ட் 1588-இல் இறந்தவர். நியூட்டன் தம் கொடிவழியில் மேலே வைத்திருப்பது வெஸ்ட்பி ஊர் ஜான். கல்யாண ஆண்டில் பிசகிய அதே தாளில் இந்த ஜானும் இருப்பதால், உயிலில் மகன் ரிச்சர்ட் என்று பெயர் பார்க்கும்வரை கோடு போடுவதாக இல்லை. ஜான் பெயர்க்காரர்கள் அங்கே ஒன்றுக்கு மேல். 1524 வரிப் பட்டியல் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஈ 179 தொகுப்பில். ஆனால் அதில் கிடைப்பது பெயரும் தொகையும்தான், யார் மகன் என்று இருக்காது. ஆகவே முதலில் லிங்கன் உயில்கள். இப்போதைக்கு மரத்தில் ரிச்சர்டுக்கு மேலே புள்ளிக்கோடு.