கடை அடைக்கிற நேரமும் ராச்சாப்பாட்டு நேரமும்

அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கும் வீடுகளில் ராச்சாப்பாடு பத்து மணிக்கு முன்னால் நடப்பது அபூர்வம். ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, மறுநாள் சரக்குக்குத் திருநெல்வேலிக்குப் போன் போட்டுவிட்டு ஆண்கள் வீடு வந்து சேரும்போது பத்தே கால் ஆகிவிடும். மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார பத்தரை. அவர்கள் எழுந்த பிறகு பெண்கள் உட்காருவோம். எங்கள் பலசரக்குக் கடை வீட்டிலும் இதுதான் நடைமுறையாக இருந்தது. பசித்தால் ஏழு மணிக்கு இரண்டு கைமுறுக்கு, எட்டு மணிக்கு ஒரு காபி, பதினொரு மணிக்கு நாலு தோசை, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் படுக்கை.

ஏழு மணிக்கு மேல் வாயைக் கட்ட வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருகிறது, சென்னையில் இருக்கும் என் தங்கச்சி போன் போடும்போதெல்லாம் சொல்கிறாள். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். 6.5-ஐத் தொட்டால் உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நான் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவள், அதனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பார்த்துப் பயமில்லை.

படித்ததில் எனக்கு முதலில் பிடிபட்டது, உடம்புக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது. அதன் உள்வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். தூங்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். அது கணையத்திடம், இன்சுலினைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொல்கிறது. தூங்குகிற உடம்புக்கு அது சரிதான். அந்த நேரம் பார்த்து நாம் நாலு தோசையை இறக்கினால், காலையில் அதே நாலு தோசை ஏற்றுவதைவிட அதிகமாகச் சர்க்கரை ஏறும், இறங்கவும் நேரம் எடுக்கும்.

2012-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்துதான் இந்தப் பேச்சு இவ்வளவு பெரிதானது. ஒரே மாதிரிக் கொழுப்புத் தீவனம். ஒரு கூட்டத்துக்கு நாள் முழுக்க, இன்னொரு கூட்டத்துக்கு எட்டு மணி நேரம் மட்டும். இரண்டும் தின்ற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். எட்டு மணி நேரக் கூட்டத்துக்கு உடம்பு பெருக்கவில்லை. சரி, எலி எலிதான், மனுஷனுக்கு? 2018-இல் சர்க்கரை வாசலில் நின்ற எட்டு ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் மூன்று மணிக்குள் கடைசிச் சாப்பாட்டை முடிக்க வைத்தார்கள், எடை குறையாதபடி அளவும் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. ஆனால் எட்டே பேர். அதையும் மனதில் வைக்க வேண்டும்.

எடை குறைவதற்காக மட்டும் இதைச் செய்கிறவர்கள் 2022-இல் வந்த சீன ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேர், ஒரு வருஷம். எல்லோருக்கும் சாப்பாட்டு அளவைக் குறைத்தார்கள். பாதிப்பேருக்குக் கூடுதலாக, காலை எட்டு முதல் மாலை நாலு வரைதான் என்று நேரமும் கட்டினார்கள். முடிவில் இரண்டு பக்கமும் எடை குறைந்தது, சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. அளவைக் குறைத்ததுதான் அங்கே வேலை செய்தது. அதே வருஷம் பாஸ்டனில் பதினாறு பேரை வைத்து இன்னொன்று பார்த்தார்கள். அதே சாப்பாட்டை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது, உடம்பு எரிக்கிற சக்தி குறைந்தது. நேரத்தின் வேலை இது. ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு விடிந்ததும் ஏன் அப்படிப் பசிக்கிறது என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

ஆக, நேரம் முக்கியம். ஆனால் ஏழு என்ற எண்ணுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது கடைசிக் கவளத்துக்கும் தலையணைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான். மூன்று மணி நேரம் இருந்தால் நல்லது. வயிற்றில் இருப்பது இறங்கும், நெஞ்செரிச்சலும் குறையும். என் வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்காக நெஞ்செரிச்சல் உண்டு, இரண்டு தலையணை வைத்து இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார்.

சூரியன் இருக்கும்போதே சாப்பாட்டை முடிப்பது நம் சீமைக்குப் புதிதும் இல்லை. கழுகுமலைக்குப் போனவர்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களைப் பார்த்திருப்பீர்கள். பாண்டியர் காலத்துச் சமணப் பள்ளி அது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிகிற வரை அந்த ஊரும் நெல்லை மாவட்டம்தான். பொழுது சாய்ந்த பின் உண்ணக் கூடாது என்பது சமணர்களின் நெறி. காரணம் கணையம் இல்லை, இருட்டில் விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் சாப்பாட்டில் விழுந்து சாகக் கூடாது என்ற கருணை. அந்த மலையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காரணம் பெரிதாகப் படும்.

நம் வீடுகளில் வேறு கணக்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பார்கள். ஆறு, ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு அப்புறம்தான் அடுப்படிப் பேச்சு. ஆகவே எங்களுக்கு ஆகக் கூடியது ஏழு, ஏழரை.

இந்த உபதேசம் சொல்கிறவர்கள் யாரும் ஒரு விஷயத்தைத் தொடுவதே இல்லை. ஒரு வீட்டின் சாப்பாட்டு நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? என் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தார். அவருக்கு மில் சங்குதான் கடிகாரம். மதிய ஷிப்டு என்றால் ராத்திரி வீடு திரும்பி சுடுசோறு, ராத்திரி ஷிப்டு என்றால் விடியற்காலை வந்து பழையதும் சின்ன வெங்காயமும். அம்மாவின் சாப்பாட்டு நேரமும் அந்தச் சங்கோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் பின்தெருவில் பீடி சுற்றும் அக்காமார் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை முடிந்தால்தான் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவர்கள் சோற்றில் கை வைக்க முடியும். அவர்களிடம் போய் ஏழு மணி என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் ஷட்டர். ஆண் வருகிற வரை பெண் காத்திருக்கிறாள். காத்திருப்பதை அன்பு என்றும் மரியாதை என்றும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனக்கும் அது அன்புதான். ஆனால் 6.1 என் ரத்தத்தில் இருக்கிறது.

நான் முதலில் ஏழரைக்குச் சாப்பிடப் போகிறேன் என்று சொன்னபோது அத்தைக்கு முகம் மாறியது. “ஏளா, அவன் வயிறு காய்ஞ்சு வருவான், நாம முந்தித் தின்னுட்டு உக்காந்திருக்கவா?” என்றார்கள். கேள்வி நியாயமானது. அதனால் என் வீட்டுக்காரரையும் ஏழரைக்குச் சாப்பிட வைப்பது என்று முடிவு செய்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏட்டி, நான் கடையில உக்காந்து சாப்பிட்டா யாவாரத்த யாரு பாக்கது?” என்றார். அதுவும் நியாயம்தான். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து கூட்டம் நெரியும். ஆனால் ஏழேமுக்காலுக்குக் கல்லிடைக்குறிச்சி, பாப்பான்குளம் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள், கடை கொஞ்சம் ஓயும். அந்தக் கால் மணி நேரம் போதும்.

இப்போது மகன் சைக்கிளில் இரண்டடுக்குக் கேரியரைக் கொண்டுபோகிறான். கீழ் அடுக்கில் எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின நாலு இட்லி, மேல் அடுக்கில் தேங்காய்ச் சட்னியோ கொத்தமல்லித் துவையலோ. எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 அரிசிதான் இட்லிக்குப் போடுகிறேன், ஆறினாலும் பஞ்சு மாதிரி இருக்கும். கடைப் பின்பக்கம் அரிசிச் சிப்பங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். அதில் பழைய தினத்தந்தியை விரித்துக் கேரியரை வைத்துக்கொண்டு, முகம் கடை வாசலைப் பார்த்தபடி அவர் சாப்பிடுவார். நடுவில் யாராவது வந்து நின்றால் “அண்ணாச்சி, ஒரு நிமிசம்” என்று சொல்லிவிட்டு அடுத்த விள்ளலை எடுப்பார். வருகிறவர்களும் “மெதுவா சாப்பிடுங்க” என்று நிற்பார்கள். வெங்காயமும் சீரகமும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தக் கடை வாசனையில் எள்ளுப்பொடி வாசனையும் இப்போது சேர்ந்திருக்கிறது.

அதற்குக் கொஞ்சம் முன்பே, ஏழரைக்கு, வீட்டில் அத்தை, நான், மகள் மூவரும் உட்கார்ந்துவிடுகிறோம். ஏழேமுக்காலுக்கு இலையை எடுத்து, எட்டே காலுக்குள் அடுப்படியைக் கழுவிவிட்டு, மகளோடு திண்ணையில் உட்கார எனக்கு நேரம் கிடைக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத நேரம் அது. சர்க்கரைக்காக ஆரம்பித்த விஷயம், எனக்கு அதைவிடப் பெரிதாகத் தந்தது இந்த இரண்டு மணி நேரத்தை.

ஆரம்பத்தில் பத்தே காலுக்கு வந்ததும் அவருக்குப் பசித்தது. வெறும் வயிறு மாதிரி இருக்கிறது, தூக்கம் வராது என்றார். பட்டினி போட வேண்டும் என்று நான் படித்த எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். சில நாள் ஒரு நாட்டு வாழைப்பழம். பழகிவிட்டது. இப்போது ஒரு தலையணைதான் வைக்கிறார். எனக்கு அடுத்த பரிசோதனையில் 5.8 வந்தது. நடையும் ஆரம்பித்திருந்தேன், மதியம் சோற்றைக் குறைத்துக் கூட்டும் கீரையும் கூட்டியிருந்தேன். அதனால் எல்லாப் பெருமையையும் ஏழரை மணிக்கே கொடுக்க மாட்டேன்.

இதில் எல்லோரையும்விட நான் கவனமாக இருப்பது அத்தை விஷயத்தில். அவர்களுக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு, கிளிமிபிரைட் மாத்திரை போடுகிறார்கள். சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அந்த மாத்திரை பார்க்காது, கணையத்தை நெருக்கி இன்சுலினை வெளியே விட வைக்கும். ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு மாத்திரையையும் போட்டுக்கொண்டு விரதமும் இருந்துவிட்டார்கள். நடுச்சாமத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, என் பேரை மறந்து என் நாத்தனார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் இந்த வகை மாத்திரை போடுகிறவர்களும் ராச்சாப்பாட்டை நிறுத்துவதையோ நேரம் மாற்றுவதையோ தாங்களாகவே செய்யக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருவார். அத்தைக்கும் அப்படித்தான் மாற்றினோம். இதை வாட்ஸ்அப்பில் சொல்லாமல் விடுகிறார்களே என்பதுதான் என் கோபம்.

விசேஷ நாட்களில் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லைக்குப் போனால் இருட்டுக்கடையில் சாயங்காலம்தான் அல்வா போடுவார்கள், வாங்கி இலையோடு வாயில் போட்டுக்கொண்டேதான் திரும்புவோம். கல்யாண வீட்டில் முந்தின நாள் ராத்திரி டிபன் ஒன்பதரைக்குத்தான் வரும், பந்தியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அந்த வீட்டாரை நோகடிப்பது. மறுவீட்டுச் சொதி மத்தியானச் சாப்பாடு என்பதால் அதில் எனக்குச் சிக்கல் இல்லை. தேங்காய்ப்பால் அவ்வளவும் உள்ளே போனாலும், கூடவே இஞ்சித் துவையல் வைத்த பெரியவர்களுக்கு வயிற்றின் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கடைப் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கடை அடைத்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு அப்படியே போய்ப் படுப்பார்கள். இருபது, இருபத்திரண்டு வயது. போன மாதத்திலிருந்து அவர்களுக்கும் சேர்த்து கேரியர் போகிறது. ஒருவன் சந்தோஷமாகச் சாப்பிடுகிறான், இன்னொருவன் இட்லியையும் சாப்பிட்டுவிட்டுப் பரோட்டாவுக்கும் போகிறான்.

மகன் பிளஸ் டூ. பதினொன்றரை வரை படிக்கிறான், அவனுக்குப் பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். வளர்கிற பிள்ளைக்கு நேரம் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை, அவனுக்கு வறுத்த நிலக்கடலையும் பாலும் மேசையில் வைத்துவிட்டுத்தான் நான் படுக்கிறேன். அத்தை ஒரு படி மேலே போய், ரெண்டு தோசை சுட்டுக் கொடு என்கிறார்கள். மார்ச் பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.