எண்டோஸ்கோப்பி எட்டாத நடுத்துண்டு

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6.9 என்று ரிப்போர்ட் வந்தபோதுதான் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டோம். அதுவரை பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பீட்ரூட் ஜூஸ் என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியமெல்லாம் நடந்துகொண்டிருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் மாசக்கணக்கில் உள்ளே போயிருந்தது. அளவு கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கிவிடும். மலம் கறுப்பாகப் போகிறது என்று அம்மா ஒருமுறை சொன்னார்தான். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அது உண்மையும்கூட. உள்ளே ரத்தம் கசிந்தாலும் அதே கறுப்புதான் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

மதுரையில் ஒரு குடல் மருத்துவரிடம் போனோம். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு அவர் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. சாப்பிடுகிற இரும்பு உடம்பில் சேரவில்லையா? அல்லது சேர்ந்தது எங்கோ ஒழுகிப் போகிறதா? இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில். ஆகவே வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்தபோதே அங்கிருந்து சின்னத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வைட்டமின் பி12 அளவும் பார்த்தார். அது உறிஞ்சப்படுவது மறுகோடியில், சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தின் முடிவில். ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்துக் குடலின் கடைக்கோடி எப்படி இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். துணுக்கிலும் கோளாறு இல்லை, பி12-உம் சரியாகவே இருந்தது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மட்டும் இருந்தது. அப்படியானால் ஒழுக்குதான்.

எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை. ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியிலும் ஒன்றும் இல்லை. அதற்காக முந்தின நாள் குடலைச் சுத்தமாக்கக் குடிக்கவைத்த அந்த உப்புக் கரைசலை அம்மா இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எனக்கோ நிம்மதி. டாக்டருக்கு அப்படி இல்லை. "மேலேயும் கீழேயும் பார்த்தாச்சும்மா. நடுவுலதான் இன்னும் பார்க்கல" என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைய ஆரம்பித்தார்.

வாய் வழியாகப் போகும் சாதாரண எண்டோஸ்கோப்பிக் குழாய் சுமார் 1 மீட்டர் நீளம். இரைப்பையைத் தாண்டி டியோடினத்தின் இரண்டாம் பகுதி வரை போகும். டியோடினமே மொத்தம் 25 செ.மீ. தான். கணையத்தின் தலைப்பகுதியை வளைத்துக்கொண்டு வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. பித்தமும் கணையநீரும் வந்து கொட்டும் வாசல் அதன் இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. கீழிருந்து வரும் கொலனாஸ்கோப்பு பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டு, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலுள்ள வால்வைத் தாண்டி இலியத்தின் கடைசியில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஜெஜுனமும் (சிறுகுடலின் நடுப்பகுதி) இலியமும்தான் சிறுகுடலில் முக்கால்வாசிக்கும் மேல். பாடப்புத்தகத்தில் 6 மீட்டர் என்று படித்தது இறந்த உடலில் அளந்த கணக்காம். உயிரோடு இருக்கும்போது தசை இறுக்கத்தால் அதைவிடக் குட்டைதான் என்றார் டாக்டர். எப்படிப் பார்த்தாலும் சில மீட்டர்.

"இன்னும் நீளமான குழாயா விட்டாப் போகாதா டாக்டர்?" என்று நான் கேட்டேன். யாருக்கும் தோன்றும் கேள்விதானே.

அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்குச் சிறுகுடலின் அமைப்பே விளங்கியது. டியோடினம் முடிந்து ஜெஜுனம் தொடங்கும் திருப்பத்தை ஒரு சின்னத் தசைநார் மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. 1853-ல் அதை விவரித்த பிராக் நகர உடற்கூற்றியலாளர் வென்சல் டிரைட்ஸின் பெயர்தான் அதற்கு. அந்த இடம் வரை குடல் முதுகுப்பக்கச் சுவரில் பதிந்திருக்கிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு விட்டுப்போகிறது. ஜெஜுனமும் இலியமும் மெசென்ட்ரி என்ற சவ்வில் தொங்குகின்றன. அந்தச் சவ்வின் வேர் முதுகுச் சுவரில் 15 செ.மீ. நீளத்துக்குத்தான் ஒட்டியிருக்கிறது, இடது மேல்பக்கத்தில் தொடங்கி வலது இடுப்புப் பக்கமாகச் சாய்வாக இறங்குகிறது. மறு விளிம்போ குடலின் முழு நீளத்துக்கும் போகிறது. புடவைக் கொசுவம் மாதிரி. இடுப்பில் சொருகியது ஒரு கைப்பிடி, கீழே விரிந்தால் எத்தனை சுற்று. குடலுக்கான ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அந்த மடிப்புகளுக்குள்ளேயே வருகின்றன. இப்படித் தொங்கும் குடலுக்குள் குழாயை எவ்வளவுதான் தள்ளினாலும் முனை முன்னேறாது. வளைவுதான் பெரிதாகும், வயிறு வலிக்கும்.

சரி, தள்ளாமல் பார்க்க என்ன வழி? குடலே நகர்த்திக்கொண்டு போகிற மாதிரி ஒரு கேமராவை விழுங்கிவிட வேண்டியதுதான். கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி. இதை யோசித்தவர் காவ்ரியேல் இதான் என்ற இஸ்ரேலியப் பொறியாளர். ஏவுகணை இலக்கைப் பார்ப்பதற்கான கருவிகளில் வேலை செய்தவர். 2000-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஏவுகணைக்காரர் கண்டுபிடித்தது என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விழுங்கியிருக்க மாட்டார்.

இரும்பு மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அது குடல் சுவரில் கறுப்பாகப் படிந்து படத்தைக் கெடுக்குமாம். நிறுத்தியும் மலத்தின் நிறம் முழுசாக மாறவில்லை. அதைச் சொன்னதும் டாக்டர் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். கீரை, சுண்டல், விதையுள்ள காய்கள் கூடாது. முந்தின நாள் குழைந்த சாதம், ரசம், பிறகு வெறும் நீராகாரம். சாயங்காலம் மறுபடி அந்தக் கரைசல். வேறு வழியில்லை. முன்பு குடல் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா, வலி மாத்திரைகள் நீண்டநாள் சாப்பிட்டதுண்டா, சாப்பிட்டபின் வயிறு முறுக்கி வலிக்குமா என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். குடலில் எங்காவது சுருக்கம் இருந்தால் கேப்ஸ்யூல் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்கத் தனியாக ஒரு வேலை. உங்கள் வீட்டில் யாருக்காவது இது நடந்தால் இந்தக் கேள்விகளுக்கு மட்டும் ஞாபகப்படுத்தி உண்மையைச் சொல்லுங்கள்.

காலையில் வயிற்றில் ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, இடுப்பில் பெல்ட் போட்டு ரெக்கார்டரை மாட்டினார்கள். நுரை அடங்க ஒரு மருந்து. பிறகு கேப்ஸ்யூல். 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், 4 கிராம்கூட இல்லை. பெட்டியிலிருந்து எடுத்ததுமே பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பித்துவிட்டது. அம்மா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏம்மா, வெளிய வந்ததும் இதைக் கழுவித் திருப்பிக் கொண்டுவரணுமா?"

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேண்டாம்மா, ஒருதடவைதான் இது. ஃபிளஷ் பண்ணிடுங்க. வெளிய வந்துடுச்சானு மட்டும் பாருங்க. அதுவரைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் மட்டும் எங்கேயும் எடுக்கக் கூடாது."

விழுங்கி ஒரு மணி நேரம் கழித்து ரெக்கார்டரோடு இணைந்த சின்னத் திரையில் பார்த்தார்கள். இன்னும் இரைப்பையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையும் சிறுகுடலும் வரிசையாகச் சுருங்கி, மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளுமாம். பசி நேரத்தில் கடாமுடா என்று சத்தம் வருகிறதே, அதில் பாதி இந்த வேலைதான். அந்த அலை வந்தால் கேப்ஸ்யூல் இரைப்பையை விட்டுப் போய்விடும், கொஞ்சம் நடங்கள் என்றார்கள். வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அடுத்த தடவை பார்த்தபோது திரையில் இரைப்பையின் வழவழப்பு போய், சுவர் முழுவதும் பொடிப்பொடியாக எழும்பி நின்றது. "டியோடினத்துக்குப் போயிடுச்சு" என்றார் நர்ஸ்.

இரண்டு மணி நேரம் தாண்டியதும் இளநீர், நான்கு மணி நேரம் கழித்து இரண்டு இட்லி. அவ்வளவுதான், ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ரெக்கார்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம்.

விநாடிக்கு 2 படம் என்று வைத்தாலே 8 மணி நேரத்துக்கு 57,600 படங்கள். அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் ரிப்போர்ட் தர முடியும், ஆகவே சில நாள் ஆகும். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் எங்களையும் திரை முன்னால் உட்காரவைத்து வேகமாக ஓட்டிக்காட்டினார். எனக்கு இந்த முழு அலைச்சலிலும் பிடித்த அரைமணி நேரம் அதுதான். ஜெஜுனத்தில் வளையம் வளையமாக மடிப்புகள், அதன்மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குடலுறிஞ்சிகள் தண்ணீரில் அசைகின்றன. ஒவ்வொரு குடலுறிஞ்சியின் செல்களிலும் இதைவிட நுண்ணிய நீட்சிகள் உண்டு, அவை கேமராவுக்குத் தெரியாது. இதையெல்லாம் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். 2014-ல் ஸ்வீடனில் திருப்பி அளந்து பார்த்து, மொத்தச் செரிமானப் பாதைக்கே சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள். நம் கணக்கில் 320 சதுர அடி சொச்சம். என்னைக் கேட்டால் அதுவே அதிகம். கீழே போகப் போக மடிப்புகள் குறைந்து, இலியத்தின் கடைசியில் சுவர் கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது. எங்கே ஜெஜுனம் முடிந்தது என்று கேட்டேன். கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது, மெள்ள மெள்ள மாறும், முதல் ஐந்தில் இரண்டு பங்கு ஜெஜுனம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்றார்.

படத்தை ஒரு இடத்தில் நிறுத்தினார். மடிப்பின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு, செர்ரிப்பழச் சிவப்பில் தட்டையான ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதன் பக்கத்தில் புது ரத்தம் மெல்லிய கோடாக வழிந்தது. சுவருக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து மெலிந்துபோனவை. ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்று பெயர். வயதானவர்களுக்குச் சிறுகுடலில் ரத்தம் கசிய இதுதான் அதிகம் காணப்படும் காரணங்களில் ஒன்று. இதய வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்கு இது வருவதுண்டு என்று இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். வால்வு நன்றாக இருந்தது. "இத்தனூண்டு புள்ளியா என் ரத்தத்தையெல்லாம் குடிச்சிருக்கு?" என்றார் அம்மா. ஒரே நாளில் குடித்ததில்லை, தினமும் சொட்டுச் சொட்டாகப் போனது.

கேப்ஸ்யூல் காட்டித்தான் கொடுக்கும், கை வைக்காது. சிறுகுடலுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை ஆன நேரத்தில் முதல் கால் பங்குக்குள் அந்தப் படங்கள் இருந்தன. ஆகவே வாய் வழியாகவே போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். இன்னும் கீழே இருந்திருந்தால் ஆசனவாய் வழியாகப் போக வேண்டியிருக்கும். தள்ளினால் போகாது என்று முதலில் சொன்னாரே, அதற்கு ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ 2001-ல் கொண்டுவந்த வழி இரட்டை பலூன் என்டரோஸ்கோப்பி. 2 மீட்டர் குழாய், அதன்மேல் உறையாக இன்னொரு குழாய், இரண்டின் முனையிலும் பலூன். ஒரு பலூன் ஊதிக் குடலைப் பிடித்துக்கொள்ள, மற்றது முன்னே போகும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பின்னால் இழுத்தால் குடல் கொசுவமாகக் குழாய்மேல் ஏறிவிடுகிறது. மறுபடி முன்னே. மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். புள்ளிகளைக் கண்டுபிடித்து ஆர்கான் வாயுவோடு மின்சாரம் பாய்ச்சிப் பொசுக்கினார்கள். அடுத்த முறை தேட வேண்டியிருந்தால் அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று பக்கத்தில் மையால் பச்சைகுத்தியும் வைத்திருக்கிறார்கள். தொண்டைவலியும் வயிற்று உப்புசமும் ஒருநாள் இருந்தன.

பணவிஷயம். கேப்ஸ்யூலுக்கு அட்மிஷன் கிடையாது, அதனால் காப்பீட்டில் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், என்டரோஸ்கோப்பிக்குக் கிடைத்தது. விழுங்கின பிறகு சண்டை போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. படங்களை பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் நான்கைந்து படம்தான் ஒட்டித் தருவார்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போனால், சிறுகுடலில் எந்த இடம் என்பது முழுப் பதிவில்தான் தெரியும்.

அம்மாவுக்கு இரும்பை மாத்திரையாகக் கொடுக்காமல் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். இப்போது ஹீமோகுளோபின் 11-க்கு மேல் நிற்கிறது. இந்தப் புள்ளிகள் வேறு இடத்தில் புதிதாக வரக்கூடும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறோம். மாத்திரையை நிறுத்தியாயிற்று, ஆகவே இனி மலம் கறுத்தால் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எண்ணுக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே வந்துவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.