அந்தப் பத்து நிமிடம் யார் நிற்பது?

வார்டில் ரத்தம் சிந்தினால் என்ன செய்வது என்று விதிமுறை எழுதும்போது இழுபறி ஆனது ஒரே வரியில்தான்: ‘1% ஹைப்போகுளோரைட் (குளோரின் கலந்த கிருமிநாசினி) ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும்.’ இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டார்: “நைட்ல ஒரு ஸ்டாஃப், ஒரு ஆயாம்மா. வராண்டாவுல சிந்திச்சுன்னா அந்தப் பத்து நிமிஷம் யார் சார் நிப்பாங்க?”

வரியை மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் தாக்குப்பிடிக்கும். ஊற்றிய கையோடு துடைத்தால் தரை பளிச்சென்று இருக்கும், கிருமி சாவதற்கு நேரம் கிடைத்திருக்காது. 5 நிமிடம் என்று எழுதினால் இரண்டிலேயே துடைத்துவிடுவார்கள்.

ஆனால் நிமிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது சரியா? ரத்தத்தில் உள்ள புரதமே குளோரினைத் தின்றுவிடும். அதனால் கையுறை போட்டு, பழந்துணியால் ஒற்றியெடுத்து, தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்ட பிறகுதான் மருந்தை ஊற்ற வேண்டும். குட்டையாகக் கிடக்கும் ரத்தத்தின் மேலேயே ஊற்றினால் எத்தனை நிமிடம் விட்டும் முழுப் பயன் இருக்காது. கேனில் 5% என்று போட்டிருக்கும். 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1%. அந்தக் கேன் மூடி தளர்ந்து ஜன்னலோர வெயிலில் கிடந்திருந்தால் வீரியம் குறைந்திருக்கும், கணக்கு தாளோடு சரி. நேற்று கலக்கிய வாளியை இன்றைக்கும் எடுப்பது அதைவிட மோசம். கழிப்பறை ஆசிட் இருந்த வாளியிலேயே கலக்கினால் குளோரின் வாயு கிளம்பி, துடைப்பவருக்கே மூச்சு முட்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொரு வரியில் முடித்துவிட்டு, நிமிடத்துக்குத்தான் வாதாடினோம்.

ஊற்றிய நேரம், துடைத்த நேரம் என்று பதிவேட்டில் இரண்டு கட்டம் போட்டோம். இரண்டுக்கும் இடையில் எப்போதும் சரியாகப் பத்து நிமிடம். நடு இரவிலும் அப்படியே. எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை; மூன்று படுக்கையில் டிரிப் முடியும் நேரத்தில் வராண்டாவில் கடிகாரம் பார்த்துக்கொண்டு யார் நிற்க முடியும்? எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லியிருக்கிறோம். தூக்கக் கலக்கத்தில் வெறுங்காலோடு தண்ணீர் பிடிக்க வரும், நோயாளிக்குத் துணையிருக்கும் அட்டெண்டர் பலகையைப் பார்ப்பதில்லை.

அடுத்த திருத்தத்தில், இரவில் சிந்தினால் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து நிற்க வேண்டும் என்று சேர்க்கக் கேட்கப்போகிறேன். அந்த நேரத்தில் அவர் பொறுப்பில் எத்தனை வார்டு இருக்கும் என்று சிஸ்டர் கேட்பார். அதற்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை.