ஏழாம் வகுப்பில் வாய்த்த மொழி

சிட்னியில் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இரண்டே மொழிகள்: பிரெஞ்சு, ஜப்பானியம். பிரெஞ்சு வகுப்பு நிரம்பிவிட்டது. சரி, ஜப்பானியம். "இதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்றார் அம்மா.

வினைச்சொல் கடைசியில் வருவது மற்றப் பிள்ளைகளுக்குத் தலைவலி. வீட்டில் தமிழ் பேசும் எனக்கு அது பழகிய வழி. சீன எழுத்துகளான கான்ஜிதான் வதைத்தது, கோடுகளின் வரிசைகூட மாறக்கூடாது. பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி வரை விடவில்லை.

பட்டம் முடித்ததும் ஜெட் திட்டத்தில் ஜப்பானின் ஷிமானே மாகாணத்துக்குப் போனேன். 1987 முதல் வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் அது. நான் ஆங்கில உதவி ஆசிரியை. மதியம் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வகுப்பறையில் சாப்பாடு பரிமாறுவார்கள். சைவக்காரிக்குத் திண்டாட்டம்தான். மிசோ சூப்பில்கூட நம் மாசிக் கருவாட்டின் அண்ணன் ஊறிக் கிடப்பார். "சென்செய், இன்றைக்கு மீன் இருக்கு" என்று ஒரு சிறுமி முன்கூட்டியே காதில் சொல்லிவிடுவாள்.

இப்போது சிட்னியில் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரும் நாட்டி சான்றிதழுக்காகக் கல்லீரல், மண்ணீரல், கணையம் என்று உறுப்புப் பெயர்களை எல்லாம் புதிதாக நெட்டுருப் போட வேண்டி வந்தது. பள்ளியில் ரயில் டிக்கெட் வாங்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.