சேதாரம் எந்தக் கோப்பில் இருக்கிறது?

போன ஆடி மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் போன் செய்தார். "ஏம்மா, பக்கத்துப் பட்டறையிலயும் உங்க புரோகிராம்தான் ஓடுது. அவங்களுக்குச் சேதாரம் சரியா வருது. எனக்கு மட்டும் ஏன் நாலு கிராம் கூடுது?"

தவறு எங்களுடையதுதான். சேதாரத்தை வரிக்கு வரி நூறு மில்லிகிராமுக்கு மேல்நோக்கி ரவுண்ட் செய்துகொண்டிருந்தோம். அதை மொத்தத்தில் ஒரே முறை ரவுண்ட் செய்யும்படி சித்திரையில் எல்லாருக்கும் மாற்றிவிட்டதாக நினைத்திருந்தோம். இவருடையது விட்டுப்போயிருக்கிறது. ஒரு வரியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. எண்பது வரி ரசீதில் நாலு கிராம் ஆகிவிடும். வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோக்கிறவருக்கும் பட்டறைக்கும் நடுவே நாலு கிராம் வெள்ளி என்பது சண்டை வரும் அளவு.

ஐந்து ரோடு பக்கம் எங்கள் அலுவலகம். நாலு பேர், 83 ரெப்போ, அதாவது கிட்டில் வைத்திருக்கும் கோட் தொகுப்புகள். ஒரு பட்டறைக்கு எழுதியதை நகலெடுத்து அடுத்தவருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தந்தே வளர்ந்த கோட் அது. அதனால் ஒரே கணக்கு ஒவ்வொரு ரெப்போவிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும். ஒருவர் வேரியபிளுக்கு வேஸ்டேஜ் என்று பெயர் வைத்திருப்பார். இன்னொருவர் சேதாரத்தையே ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார், அதிலும் மூன்று ஸ்பெல்லிங். எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: எங்கள் மூத்தவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு கணக்குக்கும் மேலே தமிழில் எழுதிவைத்த ஒரு வரிக் குறிப்பு. "சேதாரம் இங்கே கழிகிறது" என்ற மாதிரி. எத்தனை பேர் கைபட்டும் அந்த வரியை யாரும் அழிக்கவில்லை. தேடினால் அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

அதுவரை ரெப்போ ரெப்போவாக, கோடுக்குள் சொல்லைத் தேடும் கிட் கிரெப் கட்டளையை ஓட்டுவோம். பழைய சர்வர், ஹார்ட் டிஸ்க். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். அதற்குள் பொறுமை போய், "போதும், எல்லாம் வந்துவிட்டது" என்று நிறுத்திவிடுவோம். அதனால் கார்த்திகையில் உட்கார்ந்து, எல்லா ரெப்போவிலும் ஒரே தடவையில் தேடும் ஸூக்ட் என்ற புரோகிராமைச் சர்வரிலேயே போட்டேன். டச்சு மொழியில் தேடு என்று பொருள். கூகுளில் ஹான்-வென் நியென்ஹவுஸ் எழுதத் தொடங்கியது, இப்போது சோர்ஸ்கிராஃப் நிறுவனம் பராமரிக்கிறது. 83 ரெப்போவையும் இன்டெக்ஸ் செய்ய, அதாவது தேடலுக்கான அட்டவணை போட, நாலு நிமிடம் ஆனது. 300 எம்பி சொச்சம் கோடுக்கு இன்டெக்ஸ் ஒரு ஜிபியைக் கொஞ்சம் தாண்டியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் அதைத் தானாக ஓட்டுகிறது. மாறாத ரெப்போவை அதுவே தாண்டிவிடும். தேடல் பக்கத்தைக் காட்டும் அதன் வெப்சர்வருக்கு லாகின் கிடையாது, 6070 போர்ட்டை எல்லாருக்கும் திறந்துவிடும். பிறத்தியார் கணக்கு சம்பந்தப்பட்ட கோட் என்பதால் அதை அந்த சர்வருக்குள் மட்டும் தெரியும்படி லோக்கல்ஹோஸ்டில் கட்டி, முன்னால் பாஸ்வேர்டு கேட்கும் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப்சர்வரை வைத்தேன்.

இது தேடும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லா உரையையும் மூன்று மூன்று எழுத்தாக வெட்டி, எந்த மூன்று எங்கே வருகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளும். ரஸ் காக்ஸ் 2006-இல் கூகுள் கோட் சர்ச்சுக்குச் செய்து, 2012-இல் விளக்கி எழுதிய அதே யோசனை. சேதாரம் நம் கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடுக்கு ஏழு: ச, ஏகாரக் குறி, த, கால், ர, ம, புள்ளி. ஆக ஐந்து மும்மைகள். அந்த ஐந்தும் உள்ள கோப்புகளை மட்டும் திறந்து பார்த்தால் போதும். பதில் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

வந்தது. ஆனால் 31 ரெப்போவில்தான் இருந்தது. ஐம்பதாவது வரவேண்டும்.

முதலில் பிடிபட்டது டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல் கோப்புகள். மைக்ரோசாஃப்ட்டின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலிருந்து எடுத்த ஸ்டோர்ட் புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் கணக்குகள்) யூடிஎஃப்-16-இல், எழுத்துக்கு இரண்டு பைட்டாக, சேமிக்கப்பட்டிருந்தன. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக சுழி பைட் வரும். சுழி பைட்டைப் பார்த்தால் ஸூக்ட் இது உரை அல்ல, பைனரி என்று ஒதுக்கிவிடும்; கிட்டும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டைக்காரரின் கணக்கு சரியாக அப்படி ஒரு கோப்பில்தான் இருந்தது. எழுத்து முறையை மாற்றும் ஐகான்வ் கருவியை வைத்து எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 ஆக்கினேன். மாற்றத்தைக் கிட்டில் தனிப் பதிவாக, தனி கமிட்டாகப் போட்டேன்; எந்த வரியை யார் மாற்றியது என்று பிற்பாடு பிளேம் பார்க்கிறவர் குழம்பக் கூடாது.

ரெப்போ எண்ணிக்கை 44 ஆனது. மிச்சத்துக்கு அண்ணாவையே கேட்டேன். அவர் இப்போது ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். பழம் பறிக்கும் சமயம், சிக்னல் விட்டு விட்டு வந்தது. "2005-க்கு முன்னாடி எழுதினது எல்லாம் பாமினிம்மா. எழுதிக்கோ: பெரிய என், அப்புறம் சின்ன எழுத்துல ஆர், ஜே, எச், யு, கே, கடைசியா செமிகோலன்." பழச்சாக்கைத் தூக்கச் சொல்லி யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டே சொன்னார், ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். அந்த ஏழு குறிகளையும் தேடல் பெட்டியில் தட்டினேன். இன்னும் ஒன்பது ரெப்போ வரிசையாக வந்து நின்றது. அதில் இரண்டில் பழைய ரவுண்டிங் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சேதாரம் முடிந்ததும் கொலுசைத் தேடினேன், அது வேறு மாதிரி ஒளிந்திருந்தது. சில கோப்புகளில் கொ என்பது ஒரே ஒகரக் குறியோடு இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் எகரக் குறியும் காலும் தனித்தனியாக இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றே, இன்டெக்ஸுக்கு வேறு வேறு. எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவரும் சின்ன ஸ்கிரிப்டை எழுதி, கமிட்டுக்கு முன்னால் ஓடும்படி வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு பட்டறைக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பழைய ரசீதுகளுக்கான வித்தியாசத்தைப் பட்டியலிட்டுக் கொடுத்தோம். குகையில் ஒரு பட்டறையின் கோட் மட்டும் இன்னும் கிட்டுக்குள்ளேயே வரவில்லை, அவர்கள் கடையின் பழைய கணினியில் கிடக்கிறது. சனிக்கிழமை பென்டிரைவோடு போகிறேன்.