துபாயில் ஒரு மாதத்துக்கு வீடு பிடிக்க: நெல்லையிலிருந்து கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

மகளுக்குப் பேறுகாலம். மருமகன் இருப்பது துபாயில் ஒரே அறையுள்ள ஸ்டுடியோவில். ஆச்சியும் தாத்தாவும் ஒரு மாதம் கூடவே இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு வீடு பிடித்தாக வேண்டும். மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி, வள்ளியூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது அடிக்கடி வருகிற தேவை. ஹோட்டலில் முப்பது நாள் தங்குவது கட்டுப்படியாகாது. பூண்டுக்குழம்பு வைத்துக் கொடுக்க அங்கே அடுப்பும் இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. குறைந்த நாட்களுக்கு வீடு விட துபாயில் ‘ஹாலிடே ஹோம்’ அனுமதி கட்டாயம். பொருளாதார, சுற்றுலாத் துறை அதை வீடு வீடாகத் தனித்தனியே கொடுக்கிறது. “எங்க கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கு அண்ணாச்சி” என்று ஏஜென்ட் சொல்வது பதிலாகாது. நீங்கள் தங்கப்போகிற கட்டடத்தின் பெயரும் வீட்டு எண்ணும் அந்த அனுமதியில் இருக்க வேண்டும். தங்குகிற எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவு செய்வது வீடு விடுகிறவர் கடமை. “பாஸ்போர்ட் காப்பியெல்லாம் வேண்டாம், நேரா வந்துருங்க” என்றால் அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அந்த வீட்டுக்கு அனுமதியே இருக்காது.

அடுத்தது பணம். விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை மட்டும் கையில் இருந்தால் போதாது. கணக்குக்காக மாத வாடகை 4,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வாட் 225. ‘டூரிசம் திர்ஹம்’ என்ற கட்டணம் சாதாரண வகை ஹாலிடே ஹோமுக்கு ஒரு படுக்கையறைக்கு ஓர் இரவுக்கு 10, டீலக்ஸ் வகைக்கு 15. முப்பது இரவுக்கு மேல் தொடர்ந்து தங்கினாலும் முப்பதோடு அது நின்றுவிடும், ஆக 300. துப்புரவுக் கட்டணம் 200, திருப்பித் தரும் டெபாசிட் 1,000 என்று கேட்டால், சாவி வாங்கும்போது 6,225 திர்ஹம் வேண்டும். திர்ஹம் 24 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். ஊரில் வாடகையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு அங்கே போய்த் திகைப்பது இந்த இடத்தில்தான். “எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, அதில் திரும்பி வருவது எவ்வளவு” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலைவன ஊரில் வீட்டைவிடக் குளிர்ச்சிக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் சில நாட்களில் 45 டிகிரியைக்கூடத் தாண்டும். அந்த மாதங்களில் வாடகை இறங்கும். கரண்ட் பில் ஏறும். கரண்டும் தண்ணீரும் ‘டேவா’ பில்லில் வரும். சில கட்டடங்களில் ஏசிக்கான குளிர்நீரை வேறொரு கம்பெனி குழாயில் அனுப்பும். அதற்குத் தனி பில், அதைத்தான் ‘சில்லர்’ என்பார்கள். ‘சில்லர் ஃப்ரீ’ என்றால் அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில். ‘டேவா இன்க்ளூடட்’ என்றால் எதுவரை என்று உடனே கேளுங்கள். 500 திர்ஹம் வரைதான் என்று ஒரு வரம்பு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கைக்குழந்தைக்காக இரவு பகலாக ஏசி ஓடினால் அந்த வரம்பு தாண்டுவது நிச்சயம். மிச்சம் டெபாசிட்டில் பிடிக்கப்படும்.

வீட்டை நேரில் பார்க்க ஆள் இல்லையென்றால் வீடியோ காலில் பாருங்கள், ஆனால் நடுவில் நிறுத்தாமல். கட்டட வாசலில் ‘மக்கானி’ என்ற பத்து இலக்க எண் பலகை இருக்கும். அதைக் காட்டிவிட்டு அப்படியே லிஃப்டில் ஏறி, வீட்டு எண்ணைக் காட்டி, கதவைத் திறந்து உள்ளே போகச் சொல்லுங்கள். அழகான போட்டோக்களை வைத்து, இல்லாத வீட்டுக்கு முன்பணம் வாங்குகிற கூட்டம் இதைச் செய்யாது. அவர்கள் நழுவுவதே அடையாளம். நேரம் மதியம் மூன்று மணியாக இருக்கட்டும். மேற்குப் பார்த்த அறை என்றால் அப்போதுதான் உண்மை தெரியும். ஏசியைப் போட்டு இருபது நிமிடம் கழித்து, காற்று வருகிற இடத்தில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். தாள் நன்றாக விறைத்துப் பறக்க வேண்டும். லேசாக ஆடினால் ஃபில்டரில் மணல் அடைத்திருக்கலாம்.

இன்னொரு வழி நம்மவர்களிடையே அதிகம். ஜூலை, ஆகஸ்டில் லீவுக்கு ஊர் வருகிறவர் தன் வீட்டை ஒரு மாதம் தருவார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும், விலையும் குறைவு, சட்டி பானை எல்லாம் வீட்டிலேயே இருக்கும். தெரிந்தவர் என்பதற்காகக் காகிதத்தை விட்டுவிடக் கூடாது. 2007-ம் ஆண்டின் 26-ம் எண் வாடகைச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் குடியிருப்பவர் மேல்வாடகைக்கு விட முடியாது. வாட்ச்மேன் மேலே அனுப்ப மறுத்தால் பச்சை உடம்புக்காரியோடு பெட்டிகளுக்கு நடுவில் நிற்க நேரும். அண்ணாச்சி மனம் கோணுமே என்று தயங்காமல் ‘இஜாரி’ என்ற வாடகை ஒப்பந்தப் பதிவின் நகலையும் உரிமையாளர் கடிதத்தையும், முன்பு சொன்ன ஹாலிடே ஹோம் அனுமதியையும் கேளுங்கள்.

பார்ட்டிஷன் அறை குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் பலகை அடித்துப் பிரித்த அறைகள் தீப்பிடித்தால் தப்ப வழியில்லாதவை. 2025 ஜூனில் ரிகா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் துபாய் மாநகராட்சி அவற்றின் மேல் நடவடிக்கை எடுத்தது.

பகுதி என்று பார்த்தால் கராமா, பர் துபாய், தேரா மூன்றும் மளிகைக்கும் நம் சாப்பாட்டுக்கும் வசதி. கிசைஸ், நஹ்தா பக்கம் பச்சை மெட்ரோ வழி இருக்கிறது. அது யூனியனிலும் பர்ஜுமானிலும் சிவப்பு வழியோடு சேரும். இன்டர்நேஷனல் சிட்டி மலிவு, ஆனால் மெட்ரோ இன்னும் வரவில்லை. ஷார்ஜா இன்னும் மலிவு. காலையில் துபாய் வரும் சாலை நெரிசலில் அந்த லாபம் போய்விடும்.

சாவி கிடைக்கும் நேரம் பெரும்பாலும் மதியம் மூன்று மணி. திருவனந்தபுரத்தில் ஏறி விடியற்காலையில் இறங்கினால் எட்டு மணி நேரம் எங்கே இருப்பது என்பதை முன்பே பேசுங்கள். விசா 30 நாளா 60 நாளா என்பதோடு வாடகை நாட்களையும் பொருத்திப் பாருங்கள். விசா தேதி தாண்டினால் ஒரு நாளுக்கு 50 திர்ஹம் அபராதம்.

பிளக் சதுரமான மூன்று முனை. நம் உருண்டை முனை சேராது, இரண்டு அடாப்டர் போதும். அடுப்பு மின்சாரத் தட்டாக இருந்தால் குழிந்த தோசைக்கல் சூடேறாது, தட்டையான அடி வேண்டும். கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டி வெந்நீர் வரும். குழந்தையை நேராகப் பிடித்துவிடாதீர்கள். அங்கே இருப்பவர்கள் வாட்டர் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் ஆறிக் கிடக்கும். அதனால் சிவப்புக் குறியுள்ள குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும்.

உள்ளே நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் மெத்தைக் கறை, சுவர்க் கீறல், ஏசி ரிமோட், அடுப்புத் தட்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட் எத்தனை நாளில், எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் அதே செய்தியில் கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகு வருவதாக இருந்தால் மருமகனின் அங்குள்ள வங்கிக் கணக்கைக் கொடுப்பது நல்லது.