சயனோடைப் நெகட்டிவ்: கடைசியில் கைகொடுத்தது பச்சை மை

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண் ஒருவழியாக சயனோடைப்பில் ஒழுங்காக வந்துவிட்டது. (ரசாயனம் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, புற ஊதா ஒளி காட்டி, தண்ணீரில் கழுவி எடுக்கும் நீலப் படம்தான் சயனோடைப். ஒளி பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும்.) தூணில் செதுக்கிய குதிரையின் வயிற்றுக்கு அடியில் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. வெளிச்சம் படும் பக்கம் கல்லின் சொரசொரப்பு தெரிகிறது. இரண்டும் ஒரே தாளில்! கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் இழுத்தடித்தது, பிரிண்டரில் ஃபிலிமின் மேல் அச்சிடும் நெகட்டிவின் கறுப்பு. ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் நெகட்டிவ் கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். ஆனால் கண்ணுக்கு மறைப்பது வேறு, புற ஊதாவை மறைப்பது வேறு. போட்டோ பேப்பர் என்று அமைத்தால் என் டேங்க் பிரிண்டர் கறுப்பு மையைத் தொடுவதே இல்லை. மற்ற மூன்றையும் கலந்து கறுப்பு காட்டுகிறது. அந்தக் கலவை புற ஊதாவுக்குச் சல்லடை. வெள்ளையாக நிற்க வேண்டிய இடமெல்லாம் நீலம் ஏறிவிடும். ஒளி காட்டும் நேரத்தைக் குறைத்தாலோ நிழல் சோகை பிடித்துவிடும்.

சரி என்று எல்லா நிறங்களும் கட்டம் கட்டமாக உள்ள அட்டவணையை ஃபிலிமில் அச்சிட்டு, அதையே சயனோடைப்பாக எடுத்தேன். கழுவி உலர்ந்ததும் எந்தக் கட்டம் அதிகம் வெளுத்திருக்கிறது என்று பார்த்தால், மஞ்சள் கலந்த பச்சை! சுத்தக் கறுப்புக் கட்டம் அதன் பக்கத்தில் வெளிர்நீலமாக அசடு வழிந்தது. இப்போது இன்வர்ட் செய்த (கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கிய) படத்தின் கறுப்பை அந்தப் பச்சையாக மாற்றித்தான் அச்சிடுகிறேன். கையில் எடுத்தால் நெகட்டிவ் என்றே நம்ப முடியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த அட்டவணைக்கு முன்னால் நேரத்தை முடிவுசெய்துவிட வேண்டும். வெறும் ஃபிலிமுக்கு அடியில் நீலம் இதற்குமேல் கறுக்காது என்கிற குறைந்தபட்ச நேரம். அப்புறம் நிறம், அப்புறம்தான் கர்வ் (படத்தின் சாம்பல் படிகள் அச்சில் சரியாக விழும்படி கணினியில் செய்யும் திருத்தம்). ஃபிலிம் மாறினாலும் மை மாறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பச்சைக்கு மாறியபின் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 5 சதவீத இடைவெளியில் வைத்த 21 படிகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. முன்பு வெளிச்சப் பக்கத்துப் படிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கர்வ் போட இந்தப் படிகளை ஸ்கேன் செய்யும்போது ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு கர்வ் போட்டுவிடும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் யூவி எல்.இ.டி. விளக்குதான். வேலூர் வெயிலை வைத்துக்கொண்டு விளக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கத்திரி வெயிலானாலும் ஒரு மேகம் குறுக்கே வந்தால் கணக்கு போச்சு. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த சயனோடைப் ரசாயனத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, தலைவலியெல்லாம் பிரிண்டரில்தான்.

ஃபிலிம் விஷயம்: ஸ்டேஷனரி கடையில் ஓ.ஹெச்.பி. ஷீட் கேட்டால் லேசர் ஷீட்டைத் தலையில் கட்டுகிறார்கள். அதில் மை முத்து முத்தாக நின்று கையில் ஒட்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்கள் பாசிட்டிவ் எடுக்கும் பால் நிற இங்க்ஜெட் ஃபிலிமை வாங்குங்கள். அதுவும் கொஞ்சம் புற ஊதாவைக் குடிக்கும், நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் முதல் தண்ணீரில் துளி சிட்ரிக் ஆசிட் போடுங்கள். காரத் தண்ணீர் நீலத்தைத் தின்றுவிடும்.

அடுத்து கம் பிரிண்ட் (பசை, நிறமி, டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு கலந்து படம் எடுக்கும் முறை) செய்யச் சொல்லி ஒரு நண்பர் நச்சரிக்கிறார். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை தெரிந்தபின் டைகுரோமேட்டைத் தொட எனக்கு மனசு வரவில்லை. வான்டைக் பிரவுன் (வெள்ளி உப்பால் பழுப்பு நிறப் படம் எடுக்கும் முறை) பக்கம்தான் கண் போகிறது. அதற்கு நெகட்டிவ் இன்னும் அடர்த்தியாக வேண்டும், இந்தப் பச்சை தாங்குமா என்று பார்க்கணும். சில்வர் நைட்ரேட் விலையைக் கேட்டதும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறேன். அதற்குள் அகழிப் படத்தில் வானம் முழுக்க விழும் குறுக்குக் கோடுகளைச் சரிசெய்ய வேண்டும். ஹெட் அலைன்மென்ட் செய்தாயிற்று, போகவில்லை. ஃபிலிமை எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஊட்டிப் பார்க்கப்போகிறேன்.